நகரங்களில் பல மொழி வானொலி நடக்கிறது, மலைநாட்டுக்கும் கொழும்புக்கும் அப்படி ஒன்று கேட்கலாமா?

ஹட்டன்_கடைவீதி:

1975 ஜூனில் அவுஸ்திரேலிய அரசாங்கத்துக்கு ஒரு அவசரத் தேவை வந்தது. மெடிபேங்க் என்ற புதுச் சுகாதாரக் காப்புறுதித் திட்டம் ஜூலை 1ஆம் திகதி தொடங்குகிறது, ஆனால் சிட்னியிலும் மெல்பேர்னிலும் தொழிற்சாலை வேலைக்கு வந்திருந்த கிரேக்கர்களுக்கும் இத்தாலியர்களுக்கும் துருக்கியர்களுக்கும் அதை ஆங்கிலத்தில் சொன்னால் விளங்காது. அதற்காகத்தான் சிட்னியில் 2ஈஏ, மெல்பேர்னில் 3ஈஏ என்று இரண்டு சின்ன நிலையங்களைத் திறந்தார்கள். மூன்று மாதப் பரீட்சார்த்தம் என்றுதான் பேச்சு, ஆனால் கேட்டவர்கள் அதை மூட விடவில்லை. 1978இல் அது எஸ்.பி.எஸ். என்ற பல மொழி ஒலிபரப்பு நிறுவனத்தின் கீழ் வந்து இன்றைக்கு 60க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிபரப்பாகிறது, தமிழும் அதில் இருக்கிறது.

மக்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு சேதி, அவர்கள் மொழியில் சொல்ல வழி இல்லை, அதனால் வழி உண்டாக்கினார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நமக்குத் தமிழ் வானொலி இல்லை என்று நான் சொல்லவில்லை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தென்றல் இருக்கிறது, 1998இல் சூரியனும் சக்தியும் வந்தன, பிறகு வெற்றியும் இன்னும் சிலதும் வந்தன, பாட்டுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் குறைவே இல்லை. ஆனால் எல்லாம் கொழும்பில் இருந்து நாடு முழுவதுக்கும் பேசுகிறவை. நோர்வூட் பாதை மூடியிருக்கிறதா, லிந்துலையில் இன்றைக்கு டாக்டர் இருக்கிறாரா, எந்தத் தோட்டத்துக்கு இரவு மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறது, இதெல்லாம் அங்கே சொல்ல நேரமும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. கொழும்பிலேயே மாநகர எல்லைக்குள் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல், அதில் நம் மலையகப் பிள்ளைகள் எத்தனை பேர் கடையிலும் ஹோட்டலிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அந்த நகரத்துக்கென்று பல மொழியில் பேசுகிற ஒரு உள்ளூர் வானொலி கிடையாது.

நான் நினைப்பது இது. கண்டியையோ நுவரெலியாவையோ தளமாக வைத்து, தமிழும் சிங்களமும் நேரம் பிரித்துக்கொள்கிற ஒரு அலைவரிசை, கொழும்பில் அதன் ஒரு கிளை. முதலில் சேதி, பிறகு பாட்டு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், தெரிந்தவர்கள் தொழில்நுட்பத்தையும் சொல்லுங்கள்.

பண்டாரவளை_ஆசிரியை:

நல்ல விஷயத்தை எடுத்திருக்கிறீர்கள் தம்பி. ஆனால் அலைவரிசை கிடைத்தாலும் செய்தியைக் கொண்டு வருகிறவர் யார் என்பதுதான் என் கேள்வி. கொழும்பு ஸ்டூடியோவில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஹல்துமுல்லை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பது அந்தப் பிள்ளையின் குற்றமல்ல, இங்கே ஆள் வைக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒருவருக்குச் சின்னச் சம்பளமாவது கொடுத்து, பதிவு செய்யவும் சரிபார்க்கவும் பழக்கிவிட்டால்தான் இது நடக்கும். சும்மா சேவை மனப்பான்மை என்று சொல்லி இளைஞர்களிடம் இலவசமாக வேலை வாங்கினால் ஆறு மாதத்தில் எல்லாரும் போய்விடுவார்கள், எத்தனையோ சங்கங்களில் பார்த்துவிட்டோம்.

பாட்டை இரண்டாவதாக வையுங்கள், ஆனால் கலையை ஒதுக்காதீர்கள். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடுகிற பெரியவர்கள் தோட்டத்துக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ராகங்கள் காதில் விழுந்ததே இல்லை. அதையும் பதிவு செய்து வைக்க ஒரு இடம் வேண்டும்.

கம்பளை_ரேடியோ_ரிப்பேர்:

தொழில்நுட்பம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

எஃப்.எம். அலை டார்ச் வெளிச்சம் மாதிரி, நேராகப் போகும், மலை குறுக்கே வந்தால் பின்னால் இருட்டு. பிதுருதலாகலை 2,524 மீற்றர், அதனால்தான் டிவிக்காரரும் வானொலிக்காரரும் அங்கே கோபுரம் போட்டார்கள், ஹுன்னஸ்கிரியவிலும் நாயபெத்தயிலும் போட்டதும் அதே காரணத்துக்காகத்தான். தூரத்து ஊர்களுக்கு அருமையாகப் போகும். ஆனால் நம் லயங்கள், தோட்டத்து வரிசை வீடுகள், எங்கே இருக்கின்றன? பாதி மலை மடிப்புக்குள், ஆற்றோரம், பள்ளத்தில். கோயில் மேட்டில் தெளிவாகக் கேட்கிற நிலையம் லயத்து அறைக்குள் இரைச்சலாகத்தான் வரும். மலையில் பட்டுத் திரும்புகிற அலையும் நேரே வருகிற அலையும் ஒன்றோடொன்று மோதுவதால் பாட்டு கரகரக்கும், ஏரியலை ஒரு அடி தள்ளி வைத்தால் சரியாகும், இது என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் நான் சொல்கிற வைத்தியம்.

பழைய மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், இந்த விஷயத்தில் மேல், அது நிலத்தை ஒட்டி மலையையும் ஓரளவு வளைந்து போகும். அந்தக் காலத்தில் வால்வு ரேடியோவில் தோட்டத்துக்குள் இலங்கை வானொலி கேட்டதெல்லாம் அதனால்தான். ஆனால் அதற்குப் பெரிய கோபுரம், பெரிய மின்சாரச் செலவு, இனி யாரும் புதிதாகப் போட மாட்டார்கள்.

ஆகவே ஒரு பெரிய கோபுரத்தை நம்பாமல் சின்னச் சின்ன அனுப்பிகளை, அதாவது டிரான்ஸ்மிட்டர்களை, வையுங்கள். டிக்கோயா பள்ளத்தாக்குக்கு ஒன்று, அக்கரப்பத்தனைக்கு ஒன்று, பசறைப் பக்கம் ஒன்று. நிகழ்ச்சி ஒன்றுதான், நடுவில் ஒரு மணி நேரம் அந்தந்தப் பள்ளத்தாக்கின் சேதி. கருவியின் விலையை நினைத்துப் பயப்படாதீர்கள், மின்னலுக்கு ஒழுங்கான எர்த் போடுவதும், மின்சாரம் போனால் தாங்குகிற பேட்டரியும், மழைக்குள் மேலே ஏறிப் பார்க்கிற ஆளும்தான் உண்மையான செலவு.

புறக்கோட்டை_பையன்:

நான் மஸ்கெலியா, இப்போது கொழும்பில் துணிக்கடையில் வேலை. அண்ணே, உண்மையைச் சொல்கிறேன், எங்கள் ரூமில் எட்டுப் பேர் இருக்கிறோம், ஒருவரிடமும் ரேடியோப் பெட்டி கிடையாது. எல்லாம் போன், வாட்ஸ்அப், டிக்டொக். ஊரில் என்ன நடந்தாலும் அஞ்சு நிமிஷத்தில் குரூப்பில் வந்துவிடும். இந்தக் காலத்தில் அலைவரிசைக்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? இன்டர்நெட் வானொலி தொடங்கினால் லைசன்ஸ் தலைவலியும் குறைவுதானே?

ஹட்டன்_கடைவீதி:

தம்பி, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போனது, பல இடங்களில் போன் டவர்கள் செத்தன, பாதைகள் அறுந்தன. ஊரில் இருந்த உங்கள் ஆட்களோடு பேச எத்தனை நாள் ஆனது? இருந்த சார்ஜில் குரூப்பில் வந்தது என்ன? அந்த அணை உடைந்துவிட்டது, இந்த ஊர் முழுக்கப் போய்விட்டது என்று பாதிக்கு மேல் வதந்தி. எங்கள் பக்கம் ஒரு குடும்பம் பொய்ச் சேதியைக் கேட்டு இருட்டில் குழந்தைகளோடு ஓடி, இருந்ததை விட ஆபத்தான ஓடைக்கரையில் போய் நின்றது. அப்பாவுக்கு வந்த எச்சரிக்கைச் செய்தி அவரால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது, வாசிக்கத் தெரிந்த நானும் பக்கத்தில் இல்லை.

இரண்டு பென்டோர்ச் பேட்டரியில் ஓடுகிற ரேடியோவுக்கு போன் டவர் வேண்டாம், ரீலோட் வேண்டாம். இன்டர்நெட்டிலும் போகட்டும், கொழும்பில் இருக்கிற உங்களுக்கு அதுதான் வசதி, அதை மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலத்து இரவில் லயத்துக்குள் போய்ச் சேர்வது எது என்று பார்த்தால் எஃப்.எம்.தான்.

பண்டாரவளை_ஆசிரியை:

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைக்கு மூன்று படி இருக்கிறது, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மழைமானியை நாமே ஒரு போத்தலில் செய்து பள்ளிக்கூடத்தில் வைக்கலாம், நான் பிள்ளைகளோடு செய்திருக்கிறேன். இதை ஒவ்வொரு மாலையும் ஒரு குரல் பொறுமையாகத் தமிழில் விளக்கினால், எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பாட்டிக்கும் தெரிந்துவிடும். எச்சரிக்கை வந்த பிறகு விளக்கம் கொடுக்க நேரம் இருக்காது, வெயில் காலத்திலேயே பழக்க வேண்டும்.

கொஸ்லந்தை_மீரியபெத்தைப்_பக்கம்:

வாசித்துக்கொண்டிருந்தேன், இதற்கு மட்டும் பதில் போட வேண்டும் என்று தோன்றியது. 2014 அக்டோபர் 29 காலையில் எங்கள் மலை இறங்கியது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று சொல்லப்பட்டிருந்தது என்று பிறகு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சரி, வானொலியில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? போக வீடு இருந்ததா? காலையில் பேர் போட வேண்டும், கொழுந்து நிறுக்க வேண்டும், ஒரு நாள் போகாவிட்டால் சம்பளம் இல்லை. சேதி மட்டும் உயிரைக் காக்காது. நீங்கள் வானொலி கேட்கிறீர்கள் என்றால் அதில் காணி, வீடு பற்றிக் கேள்வி கேட்கிற நேரமும் இருக்க வேண்டும், அதிகாரியை உட்கார வைத்து எங்கள் ஆட்கள் நேரடியாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அது எங்களுக்கு வேண்டாம்.

ஹட்டன்_கடைவீதி:

அண்ணே, நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கேள்வி நேரம் இல்லாமல் இந்த வானொலி வேண்டாம்.

டொரொண்டோ_தலவாக்கலை:

இங்கே இருந்து கொஞ்சம் அனுபவம். டொரொண்டோவில் சின் வானொலி 1966இல் ஒரு இத்தாலியக் குடும்பத்துக்காரர் தொடங்கியது, பிறகு அதில் எத்தனையோ மொழிகள் சேர்ந்தன. கனடாவின் ஒலிபரப்பு ஆணையம் 1985இல் இனக்குழு ஒலிபரப்புக்குக் கொள்கை கொண்டு வந்து 1999இல் திருத்தியது. அதன்படி இந்த வகை நிலையம் தன் நேரத்தில் குறைந்தது 60 சதவீதம் இனக்குழு நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே நிலையம் பல சமூகத்துக்கும் சேவை செய்ய வேண்டும் என்பதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும்.

ஆனால் நடைமுறையில் பல நிலையங்களில் நேரத்தை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று நிலையத்துக்குக் கட்டி, நாமே விளம்பரம் பிடித்து அதை மீட்க வேண்டும். நகைக்கடை, வீடு விற்கிறவர், மோர்ட்கேஜ் தரகர், இவர்கள் காசில்தான் ஓடும். காசுள்ள சமூகத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை, காசில்லாத சமூகத்துக்கு விடியற்காலை. தமிழருக்கு இங்கே ஆள்பலம் இருந்தது, அதனால் நிலைத்தோம். புதிதாக அகதியாக வந்த சின்னச் சமூகங்கள் அரை மணி நேரத்துக்கே திண்டாடுவதைப் பார்த்தேன். மலையகத்தில் விளம்பரம் கொடுக்க யார் இருக்கிறார்கள்? வட்டிக்கடையும் போன் கடையும்தான். அவர்களை நம்பி ஆரம்பித்தால் அவர்கள் சொல்கிற பாட்டுத்தான் ஓடும். தொடக்கத்திலேயே செலவில் ஒரு பங்கு பொதுப் பணம் என்று எழுதி வாங்குங்கள்.

கொத்மலை_நேயர்:

எல்லாரும் வெளிநாட்டைப் பேசுகிறீர்கள், நம் மண்ணில் நடந்ததை யாரும் சொல்லவில்லையே. மகாவலித் திட்டத்தில் குடியேறியவர்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது, யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவி செய்தன. 1989இல் கொத்மலை சமூக வானொலி வந்தது. 1990களின் கடைசியில் அங்கே இன்டர்நெட் இணைப்பு கொடுத்தார்கள். ஊர் ஆட்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர் நேரலையிலேயே வலைத்தளத்தில் தேடி வாசித்து, தெரிந்த ஒருவரை வைத்து விளக்கம் சொல்வார். அந்தக் காலத்தில் உலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது, ஆராய்ச்சிக் கட்டுரைகள் எத்தனை எழுதினார்கள்.

நான் அங்கே போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு அம்மா மரக்கறி விலையைக் கேட்டார், ஒரு பையன் சிறுநீரக நோயைப் பற்றிக் கேட்டான், பதில் வந்தது. இவ்வளவு எளிமையான ஒன்றை நம்மால் செய்ய முடியும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அது கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தம். ஊருக்குச் சொந்தமில்லை. ஆளை மாற்றுவதும் நேரத்தைக் குறைப்பதும் கொழும்பின் முடிவு. சமூக வானொலி என்று பெயர் வைத்தாலும் நிர்வாகக் குழுவில் ஊர் ஆள் இல்லையென்றால் எப்படி? புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் நிர்வாகக் குழுவில் பெண் தொழிலாளர் பாதி என்று கேளுங்கள், கொழுந்து பறிக்கிறவர்கள் அவர்கள்தான்.

அக்குறணை_வாசகி:

ஹட்டன் தம்பி தமிழும் சிங்களமும் என்று மட்டும் எழுதியிருக்கிறார். கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களான நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் தமிழ் நிகழ்ச்சி என்றால் எங்களை மறந்துவிடுகிற பழக்கம் எல்லா நிலையத்திலும் இருக்கிறது. நோன்பு காலத்தில் ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு வருஷம் முழுக்கக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊர் வருஷா வருஷம் வெள்ளத்தில் நிற்கிறது, பிங்கா ஓயா பெருகினால் கடைவீதி முழுக்கத் தண்ணீர். அந்த எச்சரிக்கையும் இதே வானொலியில் வர வேண்டும்.

நேரம் பிரிப்பதில் சண்டை வரும், அதற்கு இப்போதே ஒரு முறை பேசிக்கொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிறியவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஹட்டன்_கடைவீதி:

சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி. இதில் எஸ்.பி.எஸ். முறை உதவும். அவர்கள் குடிசன மதிப்பீட்டை எடுத்துப் பார்க்கும்போது பேசுவோர் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. அதில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தெரியாது, எத்தனை பேர் அண்மையில் வந்தவர்கள், வயதானவர்கள் எவ்வளவு, வருமானம் எப்படி என்றெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதனால்தான் 2017இல் அட்டவணையை மாற்றியபோது ரோஹிங்கியாவும் திபெத்தும் உள்ளே வந்தன, கேட்பவர் குறைந்த சில மொழிகளின் நேரம் நின்றது. தேவை பெரிதாக இருக்கிறவருக்கு நல்ல நேரம். நம் பக்கம் வைத்தால், சிங்களம் வாசிக்கத் தெரியாதவர், போன் இல்லாதவர், சரிவில் குடியிருப்பவர், இவர்களுக்கு மாலை 6 முதல் 8.

பண்டாரவளை_ஆசிரியை:

கூட்டு நிலையத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதையும் யோசியுங்கள். பெர்லினில் 1994இல் ரேடியோ மல்டிகுல்டி என்று பல மொழி நிலையம் தொடங்கினார்கள், துருக்கி, பொலிஷ், ரஷ்ய மொழி என்று நன்றாக நடந்தது. 2008 டிசம்பர் 31 அன்று பணமில்லை என்று மூடிவிட்டார்கள். எல்லாருக்கும் பொதுவானது என்றால் வெட்டும்போது இது எங்களுடையது என்று போராட ஒரு பெரிய கூட்டம் இல்லாமல் போகலாம். என் ஊர்ச் சிங்களக் குடும்பங்களும் இதைத் தங்கள் வானொலி என்று நினைத்தால்தான் நாளைக்கு இது நிற்கும். அவர்களும் அதே சரிவில்தான் இருக்கிறார்கள்.

பேராதனை_சட்டம்:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் ஒலிபரப்பு 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது, தனியார் நிலையங்களுக்கான அனுமதியும் அதில் இருந்துதான். அலைவரிசையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒதுக்க வேண்டும். சமூக வானொலி என்று தனி வகை அனுமதி அந்தச் சட்டத்தில் இல்லை. இந்தியா 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக வானொலியைத் திறந்துவிட்டது, 100 வாட், 30 மீற்றர் கோபுரம் என்று ஒரு எல்லை வைத்தார்கள். ரிப்பேர் அண்ணன் சொன்ன பள்ளத்தாக்கு அனுப்பிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிற அளவு. அந்த மாதிரி ஒரு வகையைக் கேட்பதுதான் நீண்ட காலக் கோரிக்கை.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தமிழ் அரச கரும மொழி, நுவரெலியா மாவட்டம் இருமொழி நிர்வாகப் பிரகடனத்துக்குள் வருகிறது. அரசின் எச்சரிக்கையைத் தமிழில் கேட்பது நம் உரிமை, அரச வானொலியின் பிராந்திய சேவைகளில் நேரம் கேட்பதும் அப்படியே. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே விண்ணப்பம் போடலாம், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மலைநாட்டுக்கான பிராந்திய ஒலிபரப்பில் வாரத்துக்குத் தமிழ் எத்தனை மணி நேரம், எத்தனை முழுநேரத் தமிழ் அறிவிப்பாளர், கடந்த புயலில் எச்சரிக்கைகள் எந்த நேரத்தில் எந்த மொழியில் ஒலிபரப்பானது, இந்த மூன்றையும் முதலில் கேட்போம். பதில் கையில் இல்லாமல் எந்த எம்.பி.யிடமும் போகக் கூடாது, மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

புறக்கோட்டை_பையன்:

நானும் சேர்கிறேன் அண்ணே. கொழும்பு கிளையில் ஊழியர் சேமலாப நிதி பற்றி ஒரு நேரம் வேண்டும், எங்கள் கடைத்தெருவில் பாதிப் பேருக்கு முதலாளி கட்டுகிறாரா என்பதே தெரியாது, கேட்கப் பயம். வானொலியில் ஒரு தொழில் அதிகாரி தமிழில் சொன்னால் அந்தப் பதிவைப் போனில் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவேன்.

கம்பளை_ரேடியோ_ரிப்பேர்:

விண்ணப்பம் போகிற நேரத்தில் நாம் இன்னொரு வேலை செய்யலாம். எந்தத் தோட்டத்தில், எந்த டிவிஷனில், லயத்துக்குள் எந்த எஃப்.எம். நிலையம் தெளிவாகக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று இந்த இழையிலேயே எழுதுங்கள். போன் ரேடியோ வேண்டாம், பேட்டரிப் பெட்டியில் கேட்டுச் சொல்லுங்கள். மழை நாளிலும் வெயில் நாளிலும் கேளுங்கள். எங்கே அனுப்பி வைப்பது என்ற வரைபடத்தை நான் போடுகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

பொகவந்தலாவை_கீழ்_டிவிஷன்:

எங்களில் இருந்து தொடங்குகிறேன். லயத்துக்குள் தமிழ் நிலையம் ஒன்றும் தெளிவில்லை, சிங்கள நிலையம் ஒன்று இரைச்சலோடு வருகிறது. காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பிரட்டுக்களத்தில் தமிழ் நிலையம் இரண்டு எடுக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராப் பக்கம் ஒன்றும் இல்லை. நேற்று மாலை மழையில் கேட்டேன், வெயில் வந்ததும் மறுபடி கேட்டு எழுதுகிறேன். மேல் டிவிஷனுக்குத் தங்கச்சியை அனுப்பியிருக்கிறேன்.